விடையின்றிக் கிடந்த ஒரு கேள்வியும் டெல்டாவின் நிரலாளர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கடைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மென்பொருள் எழுதித் தரும் தொழிலில் இருப்பவன் நான். காவிரி டெல்டா மாவட்டங்களில் இத்தொழில் செய்கிறவர்கள் தமக்குள் ஒரு குழுவை அமைத்து, சில ஆண்டுகள் நன்றாக நடத்தி, இப்போது ஏறக்குறையக் கைவிட்டுவிட்டோம். அதைப் பற்றி எழுதத் தங்கள் நாளிதழில் சிறிது இடம் கேட்கிறேன்.

சென்ற மாதம் அந்தக் குழுவின் டெலிகிராம் உரையாடலை நெடுநாளுக்குப் பிறகு திறந்து பார்த்தேன். அறுநூறு பேருக்கு மேல் இன்னும் உறுப்பினராக இருக்கிற அந்த இடத்தில், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் கேட்ட கேள்வி நாற்பத்தொரு நாள்களாக விடையின்றிக் கிடந்தது. தம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்றி வரிசைப்படுத்தினால் கண்ணனுக்கு முன்பாகக் கணேசனும், கமலாவுக்கு முன்பாகக் கனகசபையும் வந்து நிற்கிறார்கள்; அகராதி வரிசை இப்படி இல்லையே, நான் எங்கே பிழை செய்கிறேன் என்று கேட்டிருந்தார். கேள்வி தெளிவாக இருந்தது. தாம் எழுதிய நிரலையும் சேர்த்திருந்தார். அதற்கு மேலும் கீழும் வேலைவாய்ப்பு விளம்பரங்களும், பயிற்சி வகுப்பு அறிவிப்புகளும், பண்டிகை வாழ்த்துப் படங்களும் இருந்தனவேயன்றி, அவரை நோக்கி ஒருவரும் ஒரு சொல் கூட எழுதியிருக்கவில்லை.

பிழை அவருடையது அன்று. யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் எண்களின் வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசையைப் பின்பற்றுவதில்லை. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ஜகரம் சகரத்தை அடுத்தும் நிற்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளிக்கோ கால், கொம்பு, சுழி எல்லாவற்றுக்கும் பிந்திய எண் தரப்பட்டிருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்கும் கணினி அதனால்தான் கணேசனை முன்னே நிறுத்துகிறது. அவர் பயன்படுத்திய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வரிசைமுறை தமிழுக்குரியது என்று அறிவித்துவிட்டால் பட்டியல் ஒழுங்காகிவிடும். ஒரு வரியில் முடிகிற வேலை. இதை அறிந்தவர்கள் அந்தக் குழுவில் இருபது, முப்பது பேராவது இருப்பார்கள். நானும் அவர்களில் ஒருவன். அந்த நாற்பத்தொரு நாளில் ஒரு நாள் கூட நான் அந்த உரையாடலைத் திறக்கவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

இக்குழு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மகாமகக் குளத்துக்கு அருகே ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் மாடியில், ஏழெட்டுப் பேர் கூடியதில் தொடங்கியது. அப்போது எங்களில் பெரும்பாலோர் தனியாகத் தொழில் செய்தவர்கள்; ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை கூடுவது, இடையில் எழும் ஐயங்களை டெலிகிராமில் கேட்பது என்று ஏற்பாடு. தஞ்சாவூர், பாபநாசம், மன்னார்குடி, மயிலாடுதுறை என ஊர் ஊராக ஆள்கள் சேர்ந்தார்கள். 2017 ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோதுதான் அதன் அருமை எங்களுக்கே முழுமையாகப் புரிந்தது. பெரிய கடைத் தெருவின் பாத்திரக் கடைகளில் அதுவரை கையால் எழுதிய சீட்டு ஒரே மாதத்தில் கணினி பில்லாக மாற வேண்டியிருந்தது. எடைக்கு விற்கிற பொருளும் எண்ணிக்கைக்கு விற்கிற பொருளும் ஒரே பில்லில் வர வேண்டும். தவலை, அண்டா, குத்துவிளக்கு என்ற பெயர்கள் தமிழிலேயே அச்சாக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார். கடைகளில் வைக்கிற மூன்று அங்குல பில் பிரிண்டருக்குள் ஆங்கில எழுத்து இருக்கிறது. தமிழ் எழுத்து இல்லை. தமிழை எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறிகளும் கிறுக்கல்களும்தான் வரும். ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து அனுப்ப வேண்டும் என்பதைப் பாபநாசத்து நண்பர் ஒருவர் கண்டுபிடித்தார். மறுநாளே அந்த நிரலை எல்லோருக்கும் கொடுத்தார். படத்தின் உயரம் குறைந்து போனால் ஒற்றெழுத்தின் புள்ளி வெட்டுப்படுகிறது என்று மயிலாடுதுறையில் ஒருவர் சொன்னார். தஞ்சையில் ஒருவர் அதைத் திருத்தினார். ஒரே தொழிலில் போட்டியாளர்களாக இருந்தவர்கள் இப்படி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த ஆண்டு எங்களில் எத்தனையோ பேருடைய அடுப்பு அதனால்தான் எரிந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இப்பகுதியில் நிலத்தை இன்றும் குழி, மா, வேலி என்றுதான் பேசுகிறோம். பத்திரத்திலும் சிட்டாவிலும் ஏக்கரும் ஹெக்டேரும் இருக்கும். பன்னிரண்டு அடிக் கோலால் அளந்தால் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஆக ஒரு மா சுமார் 33 சென்ட், ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். கோலின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபட்டால் குழியும் வேறுபடும். இந்தக் கணக்கை உழவர் தம் கைப்பேசியில் போட்டுப் பார்க்கும்படி ஒரு சிறு செயலியைக் குழுவின் இளைஞர்கள் மூன்று பேர் செய்தார்கள். எந்த ஊரில் எத்தனை அடிக் கோல் என்பதை வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டு அவர்கள் எழுதி வைத்த பட்டியல், என் கருத்தில், செயலியை விடவும் மதிப்புள்ளது. அது இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வதற்கு யாரும் இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதும் இக்குழு பயன்பட்டது. வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்த நாள்களில், எந்த ஊருக்குத் தார்ப்பாய் வேண்டும், எந்த ஊருக்குக் குடிநீர் போய்ச் சேர்ந்தது என்று பலரும் பல இடங்களில் எழுதியதை ஒரே அட்டவணையில் சேர்த்து, வண்டி கொண்டு போனவர்களுக்கு எங்கள் உறுப்பினர்கள் இரவும் பகலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பே ஒருவரையொருவர் அறிந்திருந்ததால்தான் அந்த வேலையை ஒரே நாளில் தொடங்க முடிந்தது.

அப்படிப்பட்ட குழு ஏன் ஓய்ந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது மாதக் கூட்டம் நின்றது. அது எல்லா ஊரிலும் நேர்ந்ததுதான். ஆனால் அதே ஊரடங்கு சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்த்த எத்தனையோ பேரை மடிக்கணினியோடு மன்னார்குடிக்கும் வலங்கைமானுக்கும் அனுப்பி வைத்தது. அவர்களில் சிலர் இன்றும் ஊரிலிருந்தே வேலை செய்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் பழக்கமும் அனுபவமும் உள்ள அவர்களை வரவேற்று உள்ளே அழைக்க ஆளில்லாமல் போயிற்று. குழுவின் பொறுப்பு முழுவதையும் அதுவரை ஒரே ஒருவர் சுமந்திருந்தார். இடம் பேசுவது, அறிவிப்பு அனுப்புவது, ஐந்தாண்டு வினா விடைகளைத் தொகுத்து வைத்திருந்த இணைய முகவரிக்குப் பணம் கட்டுவது, எல்லாம் அவர்தான். அவர் வேலைக்காக வெளிநாடு சென்ற பின் அந்த முகவரியைப் புதுப்பிக்க வேண்டும் என்று கூட எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. ஐந்தாண்டு உழைப்பு அதனோடு போயிற்று.

அதற்கும் முன்பே ஒரு நோய் தொடங்கியிருந்தது. புதிதாக வருகிற மாணவர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டால், "கூகுளில் தேடிப் பார்த்தாயா?" என்று மூத்தவர்கள் ஒரு வரியில் முடித்துவிடுவோம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் தேடத் தெரிந்தவருக்கு அது சிறிய சொல். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் முதன்முதலாகக் கணினியைத் தொட்ட ஒருவருக்கு அது முகத்தில் அறைந்து கதவைச் சாத்துவது. அவர் மறுமுறை கேட்க மாட்டார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் கேட்க மாட்டார்கள். கேள்வி வராத இடத்துக்கு விடை சொல்லத் தெரிந்தவர்களும் வருவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் விளம்பரங்கள் வந்து குடியேறின.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இத்தகைய குழுக்களுக்குத் தேவை என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2008-இல் தொடங்கி உலகெங்கும் நிரலாளர்களுக்குப் பெரும் துணையாக இருந்த ஸ்டாக் ஓவர்ஃபுளோ என்ற வினா விடைத் தளத்திலேயே, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு கேள்விகள் பெருமளவு குறைந்துவிட்டன என்பது உண்மைதான். நானும் அன்றாடம் அக்கருவிகளைப் பயன்படுத்துகிறேன். அவற்றால் என் வேலை எளிதாகியிருக்கிறது. ஆயினும் அக்கருவிகள் கற்றது, முன்பு யாரோ ஒருவர் கேட்க, யாரோ ஒருவர் பொறுமையாக எழுதிப் பொதுவில் வைத்துச் சென்ற விடைகளிலிருந்துதான். ஆங்கிலத்தில் அப்படி மலையளவு இருக்கிறது. ஊருக்கு ஊர் மாறும் அளவுகோலைப் பற்றியும், கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுக்குப் போடும் கணக்கைப் பற்றியும், "தஞ்சாவூர்" என்ற ஐந்தெழுத்துச் சொல்லைக் கணினி ஒன்பதாக எண்ணுவதால் படிவத்தில் பெயர் பாதியில் வெட்டுப்படுவதைப் பற்றியும் தமிழில் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? நாம் எழுதாததை எந்தக் கருவியும் அறியாது. இப்போது ஒவ்வொருவரும் தம் அறையில் தனியாகக் கேட்டு, தனியாக விடை பெற்று, சன்னலை மூடிவிடுகிறோம். அடுத்த தெருவில் இருப்பவர் நாளை அதே இடத்தில் முட்டிக்கொள்வார்.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது, சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த சீனிவாச இராமானுஜனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1907-இல் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், கணிதத்தில் நாட்டமுள்ளவர்கள் தமக்குள் நூல்களையும் ஐயங்களையும் பகிர்ந்துகொள்வதற்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது அதுதான். அதன் இதழில் கேள்விகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. பட்டம் இல்லாத, நிலையான வேலையும் இல்லாத இராமானுஜன் 1911-இல் அப்பகுதிக்கு அனுப்பிய கேள்விகளில் ஒன்று, வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்பது. மூன்று இதழ்கள் வெளிவந்தும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே, விடை மூன்று என்று எழுதிக்கொடுத்தார். அது அச்சில் இருப்பதால் இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நூறாண்டுக்கு முன்பு தபாலில் நடந்த அந்தச் சிறிய ஏற்பாட்டில், யாரென்று தெரியாத ஓர் இளைஞரின் கேள்விக்கும் இடம் இருந்தது. பதில் வராவிட்டாலும் கேள்வி அழியாமல் நின்றது. எங்கள் குழுவில் இரண்டும் இல்லாமல் போய்விட்டன.

எனவே அதை மீண்டும் எழுப்ப வேண்டுமானால் முதலில் ஒரு சிலர் நேரம் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள் பதினைந்து பேர், வாரத்துக்கு ஒரு மணி நேரம், முறை வைத்துக்கொண்டு விடை சொன்னால் எந்தக் கேள்வியும் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. தெரியாவிட்டால் "எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதினாலும் போதும். கேட்டவர் தம்மை ஒருவர் பார்த்தார் என்று அறிவார். வாரக் கடைசியில் அந்த வினா விடைகளை எளிய தமிழில் எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு, ஒரே ஒருவரின் பணத்தையோ கடவுச்சொல்லையோ நம்பி இராத இடத்தில் வைக்க வேண்டும். பொறுப்பு ஆண்டுக்கொருமுறை கைமாற வேண்டும். எப்போதும் மூவரிடம் சாவி இருக்க வேண்டும். விளம்பரத்துக்கு முற்றிலும் தடை. சென்ற முறை இதில் தயவு காட்டியதால் நாங்கள் அடைந்த இழப்பு கொஞ்சமன்று.

கூட்டத்தைப் பொறுத்தவரை, கும்பகோணத்திலேயே நடத்தியது நாங்கள் செய்த தவறு என்று இப்போது கருதுகிறேன். திருமணத்துக்குப் பின் வேலையை விட்டு ஊருக்கு வந்த பெண் நிரலாளர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கூட்டம் ஞாயிறு காலை என்று அறிவித்தாலும் மாலை வரை நீண்டு, கடைசிப் பேருந்தை நினைத்து அவர்கள் பாதியில் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பின்னர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் சிலர் எங்களில் எவரையும் விடத் திறமையானவர்கள். பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடித்துவிட வேண்டும். இடமும் மாதந்தோறும் பட்டுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம், சீர்காழி என மாற வேண்டும். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் நூலகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். நம்மால் ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போக முடியாதா? நூலகத் துறையினர் விடுமுறை நாள் காலைகளில் கிளை நூலகங்களில் ஓர் அறையும் மின் இணைப்பும் தந்தால் எங்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை. தஞ்சாவூரில் 2024-இல் திறக்கப்பட்ட சிறிய டைடல் பூங்காவில் மாதத்தில் ஒரு நாள் இடம் கிடைக்குமானால் அது இன்னும் சிறப்பு.

கல்லூரிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இறுதியாண்டு மாணவர்கள் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புராஜெக்ட் சென்டர்களில் ஆயத்தமாக இருக்கும் நிரலை வாங்கி, அட்டை போட்டுச் சமர்ப்பிப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. என்னிடம் வேலை கேட்டு வருகிற பிள்ளைகளில் பலரால் தம் பெயரில் உள்ள புராஜெக்டின் முதல் பக்கத்தைக் கூட விளக்க முடிவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு யார் இருந்தார்கள்? அதே மாணவர்களைச் சுற்றியுள்ள ஊர்களின் தேவைக்கு அனுப்புங்கள். திருபுவனத்துப் பட்டுத் தறிகளின் கூலிக் கணக்கு, வெற்றிலைக் கொடிக்கால்களின் சந்தைக் கணக்கு, உரக் கடையின் இருப்பு என்று செய்ய வேண்டியவை கண் முன்னே கிடக்கின்றன. வழிகாட்டுவதற்குக் குழுவின் மூத்தவர் ஒருவர் இருப்பார். மதிப்பெண் போடும் பேராசிரியர் உடன் இருப்பார். செய்த மென்பொருள் கட்டற்ற உரிமத்தில் பொதுவில் நிற்பதால் அடுத்த ஆண்டு மாணவர் அங்கிருந்து தொடங்கலாம்.

இவை நடக்காத காரியங்கள் அல்ல. சென்னையில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் பயனர்கள் 1998-இலேயே குழுவாகச் சேர்ந்தார்கள். பெரிய தொழில் நகரம் என்று எவரும் சொல்லாத விழுப்புரத்தில், கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுக்கொடுக்கும் லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. டெல்டாவில் ஆளுக்கும் அறிவுக்கும் குறைவில்லை.

தங்கள் நாளிதழில் வரும் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியில் இத்தகைய கூட்டங்களுக்கும் ஒரு வரி இடம் தந்தால் உதவியாக இருக்கும். டெலிகிராமைப் பார்க்காத உரக் கடைக்காரரும் சங்கச் செயலாளரும் தம் கணக்குச் சிக்கலோடு நேரில் வந்துவிடுவார்கள். எங்களுக்குத் தேவையான கேள்விகள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

இக்கடிதத்தை எழுதத் தொடங்கும் முன் அந்த மாணவிக்கு விடை எழுதி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். பட்டியல் சரியாகிவிட்டது என்று அன்றிரவே பதில் வந்தது. கூடவே இரண்டாவது கேள்வி ஒன்றும் வந்தது. சங்கப் பதிவேட்டில் உறுப்பினரின் பெயர் தமிழில் இருக்கிறது, வங்கிக் கணக்கில் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ழகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும் அடுத்தவர் லகரமாகவும் எழுதியிருக்கிறார், பஞ்சநதம் என்ற ஒரு பெயரே நான்கு விதமாக வருகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தும் இரண்டிலும் ஒன்றாக இல்லை. ஆளை மாற்றிப் பணம் போய்விடாதபடி இவ்விரண்டு பட்டியலையும் கணினியைக் கொண்டு பொருத்துவது எப்படி என்று கேட்கிறார். இதற்கு நம்பத்தகுந்த வழி எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் டெல்டாவில் யாரேனும் இருந்தால், வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகாமகக் குளத்தருகே அந்தப் பழைய மாடிக்கு வரும்படி அழைக்கிறேன். அந்த மாணவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மென்பொருள் உருவாக்குநர் ஒருவர்,
கும்பகோணம்.